பட்டி பார்த்த இடத்திலேயே மறுபடி துரு, என்ன செய்யலாம்?

பழையவண்டி:
எல்லோருக்கும் வணக்கம். என் காருக்கு 22 வயது. கதவுகளுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு பின்சக்கர வளைவோடு சேரும் மூலையில் துரு. போன வருடம் ஒரு பட்டறையில் விட்டேன். சுரண்டி, பட்டி போட்டு, பெயிண்ட் அடித்து, கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தார்கள். ஒரே மழைக்காலம்தான் தாங்கியது. இப்போது அதே இடத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. ஒன்றை நகத்தால் உடைத்தேன், செங்கல் நிறத்தில் தண்ணீர் கசிந்தது.

ரஸ்ட் கன்வெர்ட்டர் வாங்கிப் பூசி, மேலே நானே பட்டி பார்த்துவிடலாமா? இரும்பு தேய்க்கும் கை கிரைண்டர் இருக்கிறது. வெல்டிங் தெரியாது.

டிங்கர்மகன்:
தண்ணீர் கசிந்தது என்கிறீர்களே, அதுதான் விஷயம். வெளியிலிருந்து கல் பட்டு வந்த துரு என்றால் வறண்டிருக்கும். உங்களுடையது உள்ளிருந்து அரித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. வெளியே காசளவு தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும்.

முதலில் ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி அந்த மூலையில் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். தகடு இருக்கும் இடத்தில் டக்கென்று பிடிக்கும். பட்டி தடித்த இடத்தில் வழுக்கிக்கொண்டு கீழே விழும். அந்த எல்லையைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் வண்டிக்கு அடியில் பழைய ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு ணங்கென்று சொல்லும், கெட்டது பொத்தென்று சொல்லும்.

கிரீஸ்கை:
பின்சீட் பக்கம் கார்ப்பெட்டையும் தூக்கிப் பாருங்க. மேலே காய்ந்திருக்கும், அடியில் உள்ள பஞ்சு தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். எனக்கு அப்படித்தான் தரையே போனது.

பழையவண்டி:
பார்த்துவிட்டேன், பார்த்திருக்கவே வேண்டாம் போல இருக்கிறது.

கார்ப்பெட் காய்ந்துதான் இருக்கிறது. ஆனால் காந்தம் ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டவேயில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, கிரைண்டரில் கப் பிரஷ் (கிண்ணம் போன்ற கம்பி பிரஷ்) மாட்டிக் கழித்தேன். பட்டி மட்டும் ஏறக்குறைய 1 செ.மீ. கனம்! அதற்குப் பின்னால் ஃபைபர் துணி, அதற்குப் பின்னால் ஓட்டை. கட்டைவிரல் தாராளமாக நுழைகிறது. உள்ளே ஈர மண்ணும் மட்கிய இலையும். அடியில் தண்ணீர் வடியும் துளை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு அண்டர்கோட் (வண்டிக்கு அடியில் அடிக்கும் பூச்சு) அப்பியிருந்தது. கம்பியால் குத்தினேன். ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது.

டிங்கர்மகன்:
திருடன் அகப்பட்டான். ரன்னிங் போர்டு ஒரு மூடிய பெட்டி. எப்படியும் உள்ளே கொஞ்சம் தண்ணீர் போகும், அது வெளியே வரத்தான் அந்தத் துளை. அதை அடைத்துவிட்டு மேலே அழகு பார்த்தால் பானையில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்த கதை. தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகிறது என்றும் பாருங்கள். சக்கர வளைவின் உள்மடிப்பில் சீலன்ட் (இணைப்பை அடைக்கும் பசை) விட்டுப்போன இடைவெளி இருக்கும் என்று நினைக்கிறேன்.

பட்டி நீரைத் தடுக்காது, உறிஞ்சும். 2, 3 மி.மீ.க்கு மேல் அது நிற்கக்கூடாது. அதன் வேலை மேடுபள்ளத்தைச் சமன் செய்வது, ஓட்டையை மூடுவது இல்லை. அடியில் துரு தொடர்ந்தால், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதால் பெயிண்டை முட்டித் தள்ளிவிடும்.

கன்வெர்ட்டர் பற்றிக் கேட்டீர்கள். பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். மேலோட்டமான துருவைக் கறுப்பாக்கிக் கட்டிப்போடும். பாளம் பாளமாக உரியும் துருவில் மேல்தோலைத்தான் தொடும். ஓட்டைக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

கிரீஸ்கை:
வெல்டிங்குக்குப் பதில் பேனல் ஒட்டும் பசை போடலாமே? நான் கதவின் வெளித்தகட்டை அப்படித்தான் ஒட்டினேன். நன்றாக நிற்கிறது.

டிங்கர்மகன்:
கதவுத் தோலுக்குச் சரி. இது ஜாக்கி வைக்கும் இடத்துக்குப் பக்கம், வண்டியின் பாரம் தாங்கும் பகுதி. சீட் பெல்ட் போல்ட் இறங்கும் தகடும் சில வண்டிகளில் இதை ஒட்டித்தான் வரும். இங்கே நல்ல தகடு வரை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதுதான் வழி.

பழையவண்டி:
புரிகிறது. வேறு பட்டறைக்குக் கொண்டுபோகிறேன். இந்தத் தடவை நான் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

டிங்கர்மகன்:
ஓட்டையின் மேல் தகட்டை வைத்து ஒட்டச் சொல்லாதீர்கள். அடியில் இருக்கும் துரு அப்படியே வளரும். மிக் வெல்டிங் (துப்பாக்கி வழியாகக் கம்பி தானாக வந்து உருகும் முறை) கேளுங்கள். பாடித் தகடு 0.8 மி.மீ. அளவில்தான் இருக்கும், 0.6 மி.மீ. கம்பி போதும். புள்ளி புள்ளியாக, இங்கொன்று அங்கொன்றாக வைத்து, ஆறவிட்டு நிரப்பச் சொல்லுங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் தகடு அப்பளம் மாதிரி நெளியும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் தொட வேண்டும். பின்சக்கரப் பக்கம் என்பதால் பெட்ரோல் டேங்கும் குழாயும் எங்கே என்று பார்த்து, தேவையென்றால் இறக்கியே ஆக வேண்டும். உள்ளே கார்ப்பெட்டும் இருக்கக்கூடாது.

அரைத்து முடித்த அன்றே எபாக்ஸி பிரைமர் (ஈரம் தகட்டைத் தொடாமல் காக்கும் அடிப்பூச்சு) ஏற வேண்டும். பளபளக்கும் தகட்டை இரவு அப்படியே விட்டால் ஈரக்காற்றில் காலைக்குள் செம்பழுப்புப் படிந்திருக்கும். தகட்டில் அமிலம் தடவியிருந்தால் நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு எபாக்ஸி. இல்லையென்றால் பிடிக்காது. அதன்மேல் மெல்லிய பட்டி, பிரைமர், பெயிண்ட். இணைப்புகளில் சீலன்ட். பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு, பெட்டிக்குள் நீளக் குழாய் விட்டு கேவிட்டி மெழுகு (உட்பக்கம் துருப்பிடிக்காமல் தெளிக்கும் மெழுகு) அடிக்க வேண்டும். வெல்டிங்குக்கு முன்னால் அடித்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.

பழையவண்டி:
மூன்று வாரம் கழித்து இப்போது எழுதுகிறேன், பட்டறையில் வேலை முடிந்துவிட்டது. வெட்டி எடுத்த துண்டைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன், சல்லடை தோற்றது. நீங்கள் சொன்ன உள்மடிப்பு இடைவெளியும் உண்மைதான், சீலன்ட் போட்டார்கள். இன்று பெட்டிக்குள் ஹோஸால் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். முன்துளையில் ஒழுகுகிறது, பின்துளையில் ஒரு சொட்டு இல்லை. பயமாக இருக்கிறது.

டிங்கர்மகன்:
மெழுகு வழிந்து அடைத்திருக்கும். மெல்லிய கம்பியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றுங்கள்.

பழையவண்டி:
விட்டேன். சொட்டுகிறது.