டெல்டாவில் ஓட்ஸ்: தானியத்துக்கும் தாளுக்கும் பயிரிட முடியுமா?

வெண்ணாற்றங்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலத்துக்குக் கிழக்கே வெண்ணாற்றுப் பாசனத்தில் எங்களுக்கு ஆறு மா (ஏறத்தாழ இரண்டு ஏக்கர்) நிலம் உள்ளது, முழுவதும் களிமண். வீட்டில் இரண்டு கறவை மாடுகளும் ஒரு கிடேரியும் இருக்கின்றன. சம்பாவுக்குப் பின் வழக்கமாக உளுந்து தெளிப்போம். இந்த முறை அதில் ஒரு மாவை ஒதுக்கி ஓட்ஸ் பயிரிட விரும்புகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் கடையில் ஓட்ஸ் வாங்கித்தான் கஞ்சி வைக்கிறோம். அது நம் வயலிலேயே விளைந்தால் நல்லது என்பது ஓர் ஆசை. அதைவிடப் பெரிய கவலை வைக்கோல். பெல்ட் மிஷின் அறுத்துப் போடும் வைக்கோல் சேற்றில் மிதிபட்டுக் கிடக்கிறது. கட்டு கட்டும் மிஷின் வந்து சேர்வதற்குள் பனியில் நனைந்து பூசணம் பிடித்துவிடுவதால், மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கிவிடுகின்றன. ஓட்ஸ் தாள் (மணி எடுத்த பின் மிஞ்சும் தண்டும் இலையும்) மென்மையானது, மாடுகள் விரும்பித் தின்னும் என்று படித்தேன். தை கடைசியில் ஆற்றுத் தண்ணீர் நின்ற பிறகு பக்கத்து போர்செட்டில் தண்ணீர் வாங்கிப் பாய்ச்ச முடியும். எப்போது விதைக்க வேண்டும், நம் ஊர் நெல் மில்லில் உமி நீக்க முடியுமா என்பதை அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

தீவனக்களம்

வணக்கம் ஐயா. தாளைப் பற்றி நீங்கள் படித்தது சரியே. நெல் வைக்கோலில் சிலிக்கா பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கும். புரதம் 3 முதல் 4 சதவீதம்தான். ஓட்ஸ் தாளிலும் புரதம் பெரிதாக உயர்ந்துவிடாது. ஆனால் சிலிக்கா குறைவாகவும் தண்டு மென்மையாகவும் இருப்பதால் மாடு மிச்சம் வைக்காமல் தின்னும்.

இருந்தாலும் தானியத்துக்காக இதை உங்கள் நிலத்தில் இறக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஓட்ஸ் குளிர்காலப் பயிர். 15 முதல் 25 டிகிரி வெப்பநிலையில் செழிப்பது. கதிர் முற்ற ஏறத்தாழ நான்கு மாதங்கள் எடுத்துக்கொள்வது. வட இந்தியாவில் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்துப் பங்குனியை ஒட்டி அறுக்கிறார்கள். அங்கேயே பெரும்பகுதி பசுந்தீவனத்துக்காகத்தான். கென்ட் ரகமும், ஜான்சியில் உள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனத்தின் ஜே.எச்.ஓ. 822 ரகமும் தீவன ரகங்களே. நமக்கோ அந்த ஐப்பசி, கார்த்திகையில் வயலில் சம்பா நிற்கிறது, மேலே அடைமழை பெய்கிறது. தண்ணீர் தேங்கினால் ஓட்ஸ் தாங்காது. சம்பா அறுத்த பின் தை கடைசியில் விதைத்தாலோ, பால் பிடிக்கும் பருவம் சித்திரை வெயிலில் போய்ச் சிக்கும். பகலில் 35 டிகிரிக்கு மேல் அடிக்கும் அந்த வெயிலில் மணி திரளாமல் பதராகிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஓட்ஸ் நீண்ட பகலில் பூக்கும் பயிர். மார்கழி, தையில் நம் பகல் பொழுது பன்னிரண்டு மணி நேரத்துக்கும் குறைவு என்பதால், முன்கூட்டி விதைத்தாலும் இலை தழைக்குமே தவிர கதிர் தள்ளத் தாமதமாகும்.

புதாற்றுப் பாசனம்

நான் ஒரத்தநாட்டுப் பக்கம், கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறேன். எங்கள் மண் செம்மண் கலந்தது. தண்ணீர் நில்லாமல் வடிந்துவிடும். மழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசியில் மேட்டு வயலில் ஏக்கருக்கு 40 கிலோ கணக்கில் விதைத்து, பசுந்தீவனமாக அறுத்துப் போட்டிருக்கிறேன். கம்பு நேப்பியர் தீவனப் புல்லை மென்று பழகிய மாடுகள்கூட இதைத் தண்டோடு தின்றன. அந்தத் தரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வரப்போரத்தில் அறுக்காமல் விட்ட கதிர்களை மாசிக் கடைசியில் உருவிக் கசக்கிப் பார்த்தபோது, உள்ளங்கையில் மஞ்சள் உமியும் ஊசி போல் ஒட்டிய சில மணிகளும்தான் நின்றன. தீவனமாகப் போடுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: மூட்டமான நாள்களில் யூரியாவை அள்ளிப் போட்டால் தாளில் நைட்ரேட் சேரும், அது மாட்டுக்கு ஆபத்து. உங்கள் களிமண்ணில் தீவனத்துக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அரவை மில்

நெல் மில்லில் ஆகாது. ஓட்ஸ் எடையில் கால் பங்குக்கு மேல் உமிதான். அது மணியை இறுக்கிப் பிடித்திருக்கும். மணி நெல்லரிசியைவிட மென்மையானது என்பதால் ரப்பர் உருளையில் நொறுங்கிப்போகும். உமி நீக்கியவுடன் மணியில் உள்ள கொழுப்பு கெடத் தொடங்கிச் சில வாரங்களில் கசந்துவிடும். அதனால்தான் தொழிற்சாலைகளில் நீராவியில் சூடேற்றிய பிறகே அவலாக உருட்டுகிறார்கள். உமியோடு உடைத்து மாட்டுக்கு வைக்கலாம். மனிதர் உண்பதற்கு வீட்டளவில் வழியில்லை. சிலர் இதற்கு மாற்றாகக் குதிரைவாலியைச் சொல்வார்கள். நல்ல தானியம்தான், ஆனால் ஓட்ஸில் நிறைந்துள்ள பீட்டா குளுக்கான் என்னும் நார்ச்சத்து அதில் அந்த அளவுக்குக் கிடையாது. அப்பாவுக்குக் கடை ஓட்ஸே தொடரட்டும்.

வெண்ணாற்றங்கரை

தெளிவாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. ஓட்ஸை விட்டுவிடுகிறேன். ஆனால் மாடுகள் ஒதுக்கும் வைக்கோலுக்கு என்ன வழி?

தீவனக்களம்

முதலில் உளுந்தைக் குறைக்காதீர்கள் ஐயா. அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நின்ற பயிரில் ஏக்கருக்கு 10 கிலோ தெளித்தால், எஞ்சிய ஈரத்திலும் பனியிலுமே அது விளைந்துவிடும். தண்ணீர் வாங்கும் செலவில்லை. அடித்த பின் கிடைக்கும் கொடியிலும் பொட்டிலும் (நெற்றுத் தோல்) நெல் வைக்கோலைவிடப் புரதம் அதிகம். போர்செட் தண்ணீர் எட்டும் மேட்டுத் துண்டு இருந்தால் அங்கே கோ.எஃப்.எஸ். 29 தீவனச் சோளம் போடுங்கள். முதல் அறுப்பு சுமார் 65 நாளில் வரும், பிறகு ஏறத்தாழ 50 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். பூப்பதற்கு முன் இளஞ்சோளத்தை மாட்டுக்குப் போடாதீர்கள். அதில் நஞ்சு உண்டு.

பூசணம் பிடித்த வைக்கோலை எருக்குழியில் தள்ளிவிடுங்கள். அதை எதுவும் திருத்தாது. நன்கு காய்ந்த வைக்கோல் 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 60 லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி மூன்று வாரம் வையுங்கள். தாள் மஞ்சள் பழுப்பாகி மென்மையாகும், புரதமும் கூடும். எடுத்த வைக்கோலை நெடி அடங்கும் வரை நிழலில் பரப்பிவிட்டு, முதலில் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். கரைசல் மீந்தால் மாட்டுக்கு எட்டாத இடத்தில் கொட்டுங்கள். ஆறு மாதம் ஆகாத கன்றுகளுக்கு இந்த வைக்கோல் வேண்டாம்.