ஹிமாலயன் 411-இல் மின்னணு குரூஸ் கண்ட்ரோல்: வழிகாட்டல் தேவை

அனைவருக்கும் வணக்கம். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஆக்சிலரேட்டரைத் திருகிப் பிடிப்பதால் வலது மணிக்கட்டு மரத்துப்போகிறது. ஆகவே, என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-இல் மின்னணு குரூஸ் கண்ட்ரோல் (ஆக்சிலரேட்டரைப் பிடிக்காமலே ஒரே வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) பொருத்த விரும்புகிறேன். கைப்பிடியிலிருந்து வரும் கேபிளே திராட்டிலை (எஞ்சினுக்குள் காற்றை விடும் வால்வை) திறக்கும் வண்டி இது என்பதால், அந்தக் கேபிளை இழுக்க மோட்டாரோ வெற்றிட இயக்கியோ (எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தால் இயங்கும் கருவி) தனியே வேண்டும். ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் வெற்றிடம் துடித்துத் துடித்தே கிடைக்கும் என்பதால், மோட்டாரே மேல் என்று எனக்குப் படுகிறது. வேகத்தை அறிய ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) பயன்படுத்தும் சக்கர வேக சென்சாரின் வயரிலிருந்து கிளை எடுத்தால் ஏபிஎஸ் பாதிக்கப்படுமா என்பதே என் பெரிய கவலை. பிரேக்கையோ கிளட்சையோ தொட்ட கணமே குரூஸ் விடுபட்டாக வேண்டும், அதில் சமரசமே கூடாது. பிரேக், கிளட்ச் சுவிட்சுகளில் குரூஸுக்கு இணைப்புக் கொடுத்தவர்கள், எந்த வயரில் எடுத்தீர்கள் என்பதையும், பின்விளக்கு எல்இடி என்பதால் தனி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) தேவைப்பட்டதா என்பதையும் படத்துடன் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.