ஒருநாள் பயிற்சியா, பண்ணைப்பள்ளியா: எதற்குப் போவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் மறைவுக்குப் பிறகு மூன்று ஏக்கர் நிலத்தையும், இரண்டு கறவை மாடுகளையும், பன்னிரண்டு ஆடுகளையும் நானே கவனித்து வருகிறேன். ஒரு ஏக்கரில் கிணற்றுப் பாசன நெல். மற்ற இரண்டிலும் மானாவாரி நிலக்கடலை.

சென்ற ஆண்டு விவசாயிகளுக்கான ஒருநாள் பயிற்சி ஒன்றுக்குச் சென்றேன். ஆடுகளைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டு பேருந்து மாறிப் போய்ச் சேர்ந்தேன். திரையில் படம் காட்டிப் பேசினார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள், கையேடு ஒன்றைக் கொடுத்தார்கள். நடவுக்குப் பின் யூரியாவை எப்போது போட வேண்டும் என்று கேட்டதற்கு, "பரிந்துரைப்படி போடுங்கள்" என்பதற்கு மேல் விடை கிடைக்கவில்லை. ஒரு நாள் வேலை கெட்டதுதான் மிச்சம் என்ற வருத்தத்தோடு திரும்பினேன். இப்போது மீண்டும் இரண்டு பயிற்சிகளுக்கு அழைப்பு வந்திருக்கிறது. எது பயனுள்ளது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ள வழி உண்டா?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்)

அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது. 1974இல் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் புதுச்சேரியில், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பட்டபோது, விவசாயி தன் கையால் செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படையாக இருந்தது. நாற்காலியில் உட்கார வைத்துப் பேசி அனுப்புவது அந்த நோக்கத்துக்கே மாறானது.

அழைப்பு வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பயிற்சி வயலில் நடக்கிறதா, அரங்கில் நடக்கிறதா? அட்மா எனப்படும் வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமைத் திட்டத்தில் நடைபெறும் பண்ணைப்பள்ளி என்றால் தயங்காமல் பெயரைக் கொடுத்துவிடுங்கள். சுமார் இருபத்தைந்து பேர் கொண்ட குழுவுக்கு, விதைப்பு முதல் அறுவடை வரை பயிரின் முக்கியமான பருவங்களில் ஆறு வகுப்புகளை ஒரு விவசாயியின் வயலிலேயே நடத்துவார்கள். முதல் வகுப்பில் கேட்டதைச் செய்து பார்த்துவிட்டு, அது சரியாக வரவில்லையென்றால் அடுத்த வகுப்பில் அதே அலுவலரிடம் கேட்கலாம். ஒருநாள் பயிற்சியில் அதற்கு வாய்ப்பே இல்லை.

உங்கள் யூரியாக் கேள்விக்கு வருகிறேன். இலை வண்ண அட்டை என்று ஒன்று உண்டு. வெளிர் பச்சை முதல் கரும்பச்சை வரை பட்டைகள் கொண்ட சிறு பிளாஸ்டிக் அட்டை. நடவு செய்த 14ஆம் நாளிலிருந்து கதிர் வெளிவரும் வரை வாரம் ஒருமுறை, காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வயலில் பரவலாகப் பத்துச் செடிகளைத் தேர்ந்தெடுத்து, நன்கு விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிட வேண்டும். இலையின் மேல் வெயில் நேராகப் படாதபடி உங்கள் உடல் நிழல் விழுமாறு நின்றுகொள்ளுங்கள். பத்தில் ஆறு இலைகள் 4ஆம் எண் பட்டையை விட வெளுத்திருந்தால் தழைச்சத்து, அதாவது யூரியா, இட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு மட்டும் 3ஆம் எண்ணே அளவு. இதை எழுத்தில் படிப்பதைவிட வயலில் ஒருமுறை செய்து பார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும்.

மறுமொழி 2 (பால் மாடு வளர்ப்பவர், நாமக்கல்)

சகோதரி, மாட்டுக்கும் ஆட்டுக்கும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்களைத் தேடுங்கள். எனக்கு அங்கே கிடைத்த மிகப் பெரிய பயன் மடிநோய் பற்றிய பாடம். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்து, பாலை முழுவதும் கறந்து மடியைக் கழுவிய பின், அந்த விழுதை நீரில் கரைத்து நாளுக்குப் பலமுறை என ஐந்து நாள் தடவச் சொன்னார்கள். மடி தொட்டால் சுடுகிறது, மாடு காலை உதைக்கிறது என்ற முதல் நாளிலேயே தொடங்கியதால்தான் என் மாட்டின் காம்பு தப்பியது. காய்ச்சலோ பாலில் இரத்தமோ கண்டால் மருத்துவரை அழைக்கத் தாமதிக்கக் கூடாது என்பதையும் அங்கேயே வலியுறுத்தினார்கள்.

மறுமொழி 3 (நிலக்கடலை விவசாயி)

ஒருநாள் பயிற்சிகளை அடியோடு ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து. நாம் வெறுங்கையோடு போவதும் ஒரு காரணம். மண் பரிசோதனை முடிவையும், நோய் தாக்கிய செடியையும் வேரோடு எடுத்துச் சென்றால், பேச வந்தவர் பொதுவாகப் பேசிவிட்டு நகர முடியாது. போக முடியாத நாட்களில் 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் உதவி எண்ணில் காலை 6 முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே கேட்கலாம்.

மேலும், பெண்கள் வர வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினால், காலைக் கறவையும் சமையலும் முடிந்த பிறகு, ஊருக்குள்ளேயே பயிற்சியை நடத்த வேண்டும். இதை உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரிடம் ஐந்தாறு பேராகச் சேர்ந்து கேளுங்கள். குழுவாகக் கேட்டால் மறுப்பது கடினம்.

கேட்டவர்

மிக்க நன்றி. நெல்லுக்குப் பண்ணைப்பள்ளியில் பெயர் கொடுக்கிறேன். அதற்கு முன் நிலக்கடலை நிலத்தில் மண் எடுக்க வேண்டும். எப்படி எடுப்பது, வெயிலில் உலர்த்தலாமா?

மறுமொழி 1

நிழலில்தான் உலர்த்த வேண்டும், அம்மா. வரப்பு ஓரம், மரத்தடி, எருக்குழி அருகில் எடுக்காதீர்கள். மேலே கிடக்கும் இலை தழைகளை விலக்கிவிட்டு, ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, அந்தக் குழியின் இரு பக்கங்களிலும் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் சுரண்டி எடுங்கள். இப்படிக் குறுக்கும் நெடுக்குமாகப் பதினைந்து இடங்களில் எடுத்துப் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்கிக்கொண்டே வந்து அரைக் கிலோவாகக் குறைத்துவிடுங்கள். பையின் மேல் சர்வே எண்ணையும், முன்பு போட்ட பயிரையும், அடுத்துப் போடப் போகும் பயிரையும் எழுத மறக்காதீர்கள்.