இயோசீன்–ஒலிகோசீன் எல்லை: ஹான்ட்கெனினாவும் டிஸ்கோஆஸ்டரும் ஒத்துப்போகவில்லை

கேள்வி – மார்ல்_அடுக்கு

வணக்கம். 30 மீட்டர் தடிமனுள்ள மார்ல் (சுண்ணாம்பு கலந்த களிமண் பாறை) அடுக்கில் இயோசீன், ஒலிகோசீன் என்ற இரு புவியியல் காலங்களுக்கு இடையிலான எல்லையைக் குறிக்க வேண்டும். அடியிலிருந்து மேலே 50 செ.மீ.க்கு ஒரு மாதிரி. படிவு வேகம் 10 லட்சம் ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர். ஹான்ட்கெனினா (ஃபோராம், அதாவது ஓடுள்ள ஒற்றைச் செல் கடலுயிரி) 16 மீட்டரோடு நின்றுவிடுகிறது. டிஸ்கோஆஸ்டர் சைபானென்சிஸ் (நானோ, அதாவது மிக நுண்ணிய சுண்ணாம்புப் புதைபடிவம்) 12 மீட்டர் வரை ஏராளம். அதற்கு மேல் ஸ்லைடுக்கு ஒன்றிரண்டாக 18.5 மீட்டர் வரை தென்படுகிறது. டிஸ்கோஆஸ்டர்தானே முதலில் மறைய வேண்டும்? ஃபோராம்களை 150 மைக்ரானுக்கு மேற்பட்ட பகுதியில் மட்டும் பொறுக்கினேன்.

பதில் 1 – நானோ_ஸ்லைடு

எல்லையை வரையறுப்பது ஹான்ட்கெனினா குடும்பத்தின் மறைவு. இத்தாலியின் மசிஞானோவில் 19 மீட்டர் மட்டத்தில் உள்ள உலகத் தர எல்லைப் புள்ளியும் அதை வைத்தே நிர்ணயிக்கப்பட்டது, வயது 3.39 கோடி ஆண்டு. டிஸ்கோஆஸ்டர் சைபானென்சிஸ் அதற்கு ஏறத்தாழ 5 லட்சம் ஆண்டு முன்பே மறைந்துவிட்டது. உங்கள் படிவு வேகத்தில் அது சுமார் 5 மீட்டர். 12 மீட்டரில் அதன் உண்மையான முடிவு என்றால், எல்லை 17 மீட்டரையொட்டி வர வேண்டும். ஆக, உங்கள் தரவில் பெரிய முரண் எதுவும் எனக்குத் தெரியவில்லை. 12-க்கு மேல் வருபவை பழைய படிவிலிருந்து அரித்துக் கொண்டுவரப்பட்டவை என்பதே என் கணிப்பு.

அதை உறுதிசெய்ய, "உண்டு/இல்லை" என்று எழுதாமல் எண்ணிக்கை எடுங்கள். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரே அளவு பரப்பை 1000 மடங்கில் பார்த்து, சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை என்று வரைபடத்தில் போடுங்கள். சட்டென்று சரிந்து, பிறகு நீளமாக இழுபடும் வால் தெரிந்தால் அது மறுபடிவுதான். 12-க்கு மேல் கியாஸ்மோலித்தஸ் கிராண்டிஸ் போன்ற, அதற்கு வெகுமுன்பே அழிந்த இனங்களும் கூடவே வந்தால் சந்தேகமே வேண்டாம். தட்டையாகக் கிடக்கும் டிஸ்கோஆஸ்டர் குறுக்கு முனைவாக்கத்தில் (செங்குத்தாக வைத்த இரு முனைவாக்கிகளுக்கு நடுவே பார்க்கும்போது) இருண்டு மறைந்துவிடும். எண்ணும்போது சாதாரண ஒளிக்கும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். இல்லையேல் எண்ணிக்கையே தவறாகும்.

இன்னொரு சான்று: எல்லைக்குச் சற்று மேலே கிளாசிகாக்கஸ் சப்டிஸ்டிகஸ் என்ற நானோ இனம் திடீரெனப் பெருகத் தொடங்கும். அது 17–18 மீட்டரில் தென்பட்டால் எல்லை அதற்குக் கீழேதான்.

பதில் 2 – சல்லடை_63

நானோ பக்கம் சரி. ஃபோராம் பக்கத்தில்தான் வேலை பாக்கி. ஹான்ட்கெனினாவின் நீண்ட குழல்முட்கள் கழுவும்போதே ஒடிந்துவிடும். முழு ஓடு கிடைக்காத மாதிரிகளிலும் முட்துண்டுகள் 63–150 மைக்ரான் பகுதியில் இருக்கும். நீங்கள் அந்தப் பகுதியைப் பார்க்கவே இல்லை! 16 முதல் 18 மீட்டர் வரையுள்ள மாதிரிகளின் சிறிய பகுதியை முழுதாகத் தட்டில் பரப்பி, உள்ளீடற்ற, நுனி கூர்ந்த முட்களைத் தேடுங்கள்.

அந்த இடைவெளியில் 10 செ.மீ.க்கு ஒன்றாகப் புதிய மாதிரியும் எடுங்கள், ஒவ்வொன்றிலும் குறைந்தது 100 கிராம். அரிதான இனம் சிறிய மாதிரியில் உண்மையான முடிவுக்கு முன்பே மறைந்ததுபோலத் தோன்றும். மாதிரியைப் பெரிதாக்கினால் கடைசித் தோற்றம் மேலே நகர்வது வழக்கம்.

டர்போரோட்டாலியா செர்ரோஅசுலென்சிஸ் என்ற ஃபோராம் ஹான்ட்கெனினாவுக்குச் சற்று முன்பு போய்விடும். சூடோஹாஸ்டிஜெரினா என்ற இன்னொரு ஃபோராமின் உருவ அளவும் எல்லையை ஒட்டிக் குறுகும். இரண்டையும் பதிவு செய்யுங்கள்.

மார்ல்_அடுக்கு

நன்றி. சில மாதிரிகளில் பைரைட் (இரும்பு சல்பைடு கனிமம்) இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைக்கலாமா?

பதில் 3 – சல்லடை_63

வேண்டாம். பெராக்சைடு பைரைட்டை ஆக்சிஜனேற்றம் செய்யும்; உருவாகும் கந்தக அமிலம் ஓடுகளை அரிக்கும். மெல்லிய ஓடுகள்தான் முதலில் போகும், எல்லையும் போலியாகக் கீழே இறங்கிவிடும். 40–50 டிகிரியில் உலர்த்தி, களிமண்ணைப் பிரிக்கும் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் நீர்க்கரைசலில் ஓரிரவு ஊறவிடுங்கள். கரைசல் சற்றுக் காரமாக இருக்கிறதா என்று பி.எச். தாளில் பாருங்கள், தேவைப்பட்டால் சில துளி அம்மோனியா சேர்க்கலாம். பிறகு 63 மைக்ரான் சல்லடையில் மென்மையான நீரோட்டம். விரலால் தேய்க்கவே கூடாது, முட்கள் ஒடியும்.

ஒவ்வொரு மாதிரிக்கும் பின் சல்லடையை மெத்திலீன் நீலத்தில் முக்கி எடுங்கள். அடுத்த மாதிரியில் நீல ஓடு தெரிந்தால் அது முந்தைய மாதிரியின் எச்சம். உங்கள் பிரச்சினையே ஓரிரு ஓட்டைப் பற்றியது என்பதால் இதை விட்டுவிடக் கூடாது.

பதில் 4 – நானோ_ஸ்லைடு

அறிக்கையில் "எல்லை 17.2 மீட்டர்" என்று ஒற்றை எண் எழுதாதீர்கள். கடைசி ஹான்ட்கெனினா கிடைத்த மாதிரிக்கும் அது இல்லாத அடுத்த மாதிரிக்கும் நடுப்புள்ளியைத் தந்து, இடைவெளியில் பாதியைப் பிழை வரம்பாகப் போடுங்கள். 10 செ.மீ. மாதிரி என்றால் ±5 செ.மீ.