நல்ல எக்ஸ்ரே, நல்ல ஸ்கேன் என்று எதைச் சொல்வீர்கள்? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

காரைக்குடி, ரேடியோகிராபர்

ஒரு சின்ன சென்டரில் 16 வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். வருகிறவர்கள் முதலில் கேட்பது "மெஷின் புதுசா?" என்றுதான். நானே ஆரம்பிக்கிறேன்.

போன மாசம் பள்ளத்தூரிலிருந்து ஒரு ஆச்சி முழங்கால் வலி என்று வந்தார். கையில் வேறு இடத்தில் எடுத்த படம். பளிச்சென்ற டிஜிட்டல் படம், குறை சொல்ல ஒன்றுமில்லை. தேய்மானம் பெரிதாக இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆச்சிக்கோ வளவைக் கடந்து அடுப்படிக்குப் போவதற்குள் இரண்டு தூணைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

"நிக்க வச்சு எடுத்தாங்களா ஆச்சி, படுக்க வச்சா?"

"படுக்கத்தான் சொன்னாக தம்பி."

நிற்க வைத்து எடுத்தேன். மூட்டின் உள்பக்கத்தில் இடைவெளியே இல்லை, எலும்போடு எலும்பு உட்கார்ந்திருக்கிறது. படுத்திருந்தால் மூட்டில் உடம்பின் பாரம் இறங்காது, தேய்ந்த இடமும் விலகித் தெரியும். இத்தனைக்கும் அங்கே இருப்பது என்னுடையதைவிடப் புது மெஷின்.

தேவகோட்டை

அப்பாவுக்கு 68 வயது. குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில், வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு நிழல். கட்டியாக இருக்கலாம், மதுரையில் காட்டுங்கள் என்றார்கள். அன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மதுரை டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பழைய படம் ஏதாவது இருக்கா?" அம்மாவிடம் போனில் சொன்னேன். இரண்டாம் கட்டில் இருக்கிற டிரங்குப் பெட்டியைக் குடைந்து, கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியிலிருந்து 2011இல் எடுத்த ஃபிலிமை எடுத்துவிட்டார். தம்பி அதை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினான். டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, "இதுல உங்க தம்பி விரல்தான் தெரியுது, ஃபிலிமையே கொண்டு வாங்க" என்றார். மறுநாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பார்த்தார். அதே இடம், அதே அளவு. எப்போதோ வந்து ஆறிய காசநோயின் தழும்பு.

13 வருஷம் பூச்சி அரிக்காமல் அதைக் காப்பாற்றிய அம்மாவுக்கு, அது என்ன படம் என்றே தெரியாது!

புதுவயல்

என் கதை சின்னது. வயிற்று ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். எத்தனை மணி நேரம் என்று யாரும் சொல்லவில்லை. 8 மணிக்கு இரண்டு இட்லி, 10 மணிக்கு ஸ்கேன். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடுமாம், உள்ளே கல் இருக்கிறதா என்று தெளிவாகச் சொல்ல முடியாதாம். மறுநாள் மறுபடி போனேன். ஒரு நாள் கூலி போச்சு. 6 மணி நேரம் எதுவும் சாப்பிடாதே என்று சீட்டில் ஒரு வரி எழுதினால் என்னவாம்?

திருப்பத்தூர், ஓய்வு பெற்ற எக்ஸ்ரே டெக்னீஷியன்

நான் இருட்டறைக் காலத்து ஆள். ஃபிலிம் கழுவும் மருந்து 20 டிகிரியில் இருக்க வேண்டும். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீரே கொதிக்கும். ஐஸ் கட்டி வாங்கி, டப்பாவில் போட்டு, மருந்துத் தொட்டியைச் சுற்றி வைப்போம். அப்படியும் அசந்தால் படம் புகை மூட்டமாக வரும். ஃபிலிமுக்குக் கணக்கு கேட்பார்கள், அதனால் ஒரே தடவையில் எடுத்துவிடப் பார்ப்போம்.

இன்னொன்று, நிறையப் பேர் யோசிக்காதது. அப்போது கதிர் கூடினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது கம்ப்யூட்டர் சரிசெய்து அழகாகக் காட்டுகிறது. கதிர் தேவைக்கு மேல் போனாலும் படத்தில் தெரியாது, மெஷின் காட்டுகிற கதிர் அளவு எண்ணைப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

கோட்டையூர்

பயமாக இருக்கிறதே ஐயா. எனக்கு நெஞ்சுப் படமே மூன்று தடவை எடுத்தார்கள். முதலில் தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கு படத்தில் விழுந்துவிட்டதாம். அடுத்து பின்னல் நுரையீரல் மேல் நிழலாக விழுந்ததாம். மூன்றாவதில்தான் மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். ஆபத்தா?

காரைக்குடி, ரேடியோகிராபர்

பயப்படாதீங்கக்கா. உடம்பு வாங்குகிற கதிரை மில்லிசீவர்ட் என்ற அளவில் சொல்வோம். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேக்கு 0.1 மில்லிசீவர்ட் என்பதே அதிகம். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சும்மா இருக்கிற நமக்கே வருஷத்துக்குச் சராசரியாக 2.4 வருகிறது. ஆனால் அந்த மூன்றையும் முதல் தடவையே கேட்டிருக்கலாம். மூச்சை முழுசாக இழுக்காவிட்டால் இதயம் பெரிதாகவும் நுரையீரல் அடியில் சளி கட்டினது போலவும் தெரியும். அதைப் பார்த்து ஒரு வியாதியையே எழுதிவிட முடியும்.

ஐயா சொன்னது எனக்கும் சுருக்கென்றது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மெஷினைத் தரச்சோதனை செய்து, கதிர் பாதுகாப்பைக் கவனிக்கிற மத்திய அரசின் ஏ.ஈ.ஆர்.பி.க்குக் (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) காட்டுகிறோம். நான் எத்தனை படத்தைத் திரும்ப எடுக்கிறேன் என்று யாருக்கும் காட்டுவதில்லை. இந்த மாசத்திலிருந்து ஒரு நோட்டில் குறிக்கிறேன். இன்று மட்டும் நான்கு. அதில் இரண்டு, ஊக்கு.

கழற்றி வைக்கிறதுக்கு ஒரு சம்புடம் வைத்திருக்கிறேன். கேட்கத்தான் மறந்துபோகிறது.