தம்மாமிலிருந்து காரில் உம்ரா: வழியில் கவனிக்க வேண்டியவை

சவூதியின் கிழக்கிலுள்ள தம்மாமிலிருந்து மக்காவுக்கு உம்ரா என்ற புனிதப் பயணம் காரில் போகிறவர்களுக்கு இது. தம்மாம்–ரியாத் 400 கி.மீ., அங்கிருந்து மக்காவுக்கு முன்னால் வரும் மலை ஊரான தாயிஃப் 750க்கு மேல். கிளம்புமுன் டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரித்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுவது நல்லது. வெயிலில் காய்ந்த ரப்பர் வேகத்தில் வெடிக்கும். காற்றை வண்டி ஓடுமுன், காலையில் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளந்து, கூடுதலாக இருக்கிறதென்று இறக்கினால் ஆறியதும் குறைந்துபோகும். காற்று குறைந்த டயர்தான் சீக்கிரம் சூடேறும்.

டயருக்கு அடுத்தது தஹ்னா. ரியாத்துக்கு முன்னால் வரும் செம்மணல் பட்டை அது. மண்காற்று அடித்தால் ஹசார்டு போட்டு ஊர்ந்துகொண்டே போவார்கள், அதுதான் ஆபத்து. ரோட்டை விட்டு முழுசாக இறங்கி விளக்கை அணைத்துவிடுங்கள். எரிந்தால், வண்டி ஓடுகிறதென்று நினைத்துப் பின்னால் வருபவர் வந்து மோதுவார். பெட்ரோலை அரை டேங்கிலேயே நிரப்பிவிடுங்கள்.

நோன்பு வைத்துப் போகிறவர்களுக்கு ஒன்று. நாடு முழுக்க ஒரே மணி, சூரியன் அப்படியில்லை. தம்மாமைவிட மக்காவில் மஃரிப், அதாவது சூரியன் மறையும் நேரத் தொழுகை, கோடையில் அரை மணி, குளிர்காலத்தில் முக்கால் மணிக்கும் மேல் பிந்தும். போனிலுள்ள தொழுகை நேர ஆப் தம்மாமிலேயே நின்றிருந்தால் பாங்கு சொல்லிவிடும், சூரியன் எதிரே நிற்கும். அப்போது நோன்பு திறந்தால் களாதான், அந்த நோன்பைப் பிறகு திரும்ப வைக்கணும். பயணத்தில் தொழுகையைச் சுருக்கும் கஸரில் லுஹர், அஸர், இஷா இரண்டு ரக்அத்தாகும், மஃரிப் மூன்றேதான். ஷாஃபி மத்ஹபினர் இரண்டு வேளையைச் சேர்த்துத் தொழலாம், ஹனஃபி மத்ஹபினர் அந்தந்த வக்தில் (நேரத்தில்).

தாயிஃபிலிருந்து இரண்டு வழி. ஸைலுல் கபீர் வழியில் கர்னுல் மனாஸில் மீக்காத், அதாவது இஹ்ராம் கட்ட வேண்டிய எல்லை. ஹதா வழியில் மீக்காத் வாதி மஹ்ரம், மலை இறங்குமுன்பே வந்துவிடும். வேடிக்கை பார்த்தபடி தாண்டிவிடுகிறவர்கள் உண்டு. உம்ராவுக்கான நிய்யத் (மன உறுதி) வைக்காமல் தாண்டியிருந்தால் திரும்பி ஏறிவிடணும். கீழே போய் இஹ்ராம் கட்டினால் பரிகாரமாக ஓர் ஆடு தம், மக்காவின் ஹரம் எல்லைக்குள் அறுத்து அங்குள்ள ஏழைகளுக்கு. அத்தர் நிய்யத்துக்கு முன்னால், உடம்பில் மட்டும், துணியில் படாமல். அதன்பின் வாசனை சோப்பும் வாசனை வெட் டிஷ்யூவும் கூடாது. இதில்தான் நிறையப் பேர் தவறுவது.

ஹதா இறக்கத்தில் கியரை 2க்கு இறக்குங்கள். மேலே சுமார் 2,000 மீட்டர், மக்கா 300. பிரேக் கருகும் வாசனை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடணும். டிஸ்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும்.