40 பக்க மாடித்தோட்டக் கையேட்டில் உபதலைப்புகளை எப்படி வைப்பது?

கோவை_மாடித்தோட்டம்:
எங்கள் குடியிருப்பில் மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்காக வேர்டில் 40 பக்கக் கையேடு ஒன்றைத் தயாரித்து, பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தலைப்புகளையெல்லாம் போல்டு செய்து, எழுத்தையும் பெரிதாக்கியிருக்கிறேன். அப்படியும் "கத்தரியில் அசுவினிப் பூச்சி, என்ன அடிக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதில் உள்ளேயே இருக்கிறது. எதை மாற்றலாம்?

செம்பருத்தி:
முதல் பக்கத்தில் பொருளடக்கம் இருக்கிறதா? இல்லையென்றால் அதைச் சேருங்கள்.

கேட்டுப்படிப்பவன்:
எனக்குப் பார்வை இல்லை. என்விடிஏ திரைவாசிப்பானில் கேட்டுத்தான் படிக்கிறேன். போல்டு செய்த வரி கண்ணுக்குத்தான் தலைப்பு. கணினிக்கு அது வெறும் தடித்த எழுத்து. வேர்டில் ஹோம் பட்டியில், ஸ்டைல்ஸ் பகுதியில் ஹெடிங் 1, ஹெடிங் 2 இருக்கும். அவற்றைக் கொடுங்கள். கன்ட்ரோல், ஆல்ட்டோடு 1 அல்லது 2 தட்டினாலும் போதும். அதன்பின் பிரவுஸ் மோடில் (ஒற்றை விசையால் ஆவணத்துக்குள் தாவும் முறை) நான் எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குப் போய்விடுவேன். 2-ஐத் தட்டினால் இரண்டாம் நிலைத் தலைப்புகள் மட்டும் வரும். இது இல்லாத ஆவணத்தில் அசுவினியைத் தேடி மண்கலவை, தொட்டி, விதை நேர்த்தி எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும். அலுப்பில் பாதியில் மூடிவிடுவேன்.

பார்வை உள்ளவர்களுக்கும் இதில் லாபம் உண்டு. செம்பருத்தி சொன்ன பொருளடக்கத்தை ரெஃபரன்சஸ் பட்டியிலிருந்து வேர்டே போட்டுத் தரும். பிடிஎஃப் ஆக்கும்போது சேவ் ஆஸ் வழியாகப் போய், ஆப்ஷன்ஸில் ஹெடிங்ஸை வைத்து புக்மார்க் (தட்டினால் அந்தத் தலைப்புக்கே போகும் பட்டியல்) உருவாக்கச் சொல்லுங்கள். பிரிண்ட் வழியாக பிடிஎஃப் ஆக்கினால் புக்மார்க்குகள் வராது.

அப்புறம், அசுவினி எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது?

கோவை_மாடித்தோட்டம்:
"பயிர்ப் பாதுகாப்பு". ஆறு பக்கம், ஒரே தலைப்பு.

கேட்டுப்படிப்பவன்:
அங்கேதான் சிக்கல். கத்தரிக்காரர் தேடுவது பயிர்ப் பாதுகாப்பை அல்ல, தன் செடியில் இருக்கும் பூச்சியை. "கொழுந்தில் பச்சைப் பூச்சி அப்பியிருந்தால் (அசுவினி)", "வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் (மாவுப்பூச்சி)" என்று பிரியுங்கள். பூச்சியின் பெயர் தெரிந்தவரும் தெரியாதவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். வேப்பெண்ணெய் அளவைத் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

கோவை_மாடித்தோட்டம்:
சரி, இன்றே செய்கிறேன். ஹெடிங் 2 எழுத்து பெரிதாகத் தெரிகிறது. ஹெடிங் 1-க்குக் கீழே நேராக ஹெடிங் 3 கொடுக்கலாமா?

கேட்டுப்படிப்பவன்:
வேண்டாம். 1-க்கு அடுத்து 3 என்று கேட்டால் நடுவில் ஏதோ விட்டுப்போனதோ என்று திரும்பிப்போய்த் தேடுவேன். ஹெடிங் 2 மேல் வலது கிளிக் செய்து, மாடிஃபையில் எழுத்தின் அளவைக் குறையுங்கள். எல்லா இடத்திலும் தானாக மாறிவிடும்.